பைலட் மேல தப்பா, டவர் மேல தப்பா? கேள்வியே தப்பு தோழர்களே!

2024 அக்டோபர் 11 சாயங்காலம் ஞாபகம் இருக்கா? திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. உள்ளே 140 பேருக்கு மேல். எரிபொருளைக் குறைப்பதற்காக இரண்டு மணி நேரத்துக்கும் மேல் திருச்சி, புதுக்கோட்டை வானத்திலேயே வட்டமடித்தது. இங்கே தஞ்சாவூர், மன்னார்குடி, பட்டுக்கோட்டைன்னு வீட்டுக்கு வீடு டிவி முன்னாடி உட்கார்ந்திருந்தோம். ராத்திரி எட்டு மணிக்கு மேல பத்திரமா இறங்கினதும்தான் மூச்சே வந்துச்சு.

மறுநாள் எல்லாரும் பைலட்டுகளைப் பாராட்டினோம். நியாயமான பாராட்டு. ஆனா அந்த இரண்டு மணி நேரமும் கீழே உட்கார்ந்து, மத்த விமானங்களை ஒதுக்கி, ஓடுபாதையைக் காலியா வச்சு, தீயணைப்பு வண்டி ஆம்புலன்ஸ் எல்லாம் தயாரா நிக்கிறதுக்குத் தகவல் கொடுத்துக்கிட்டே இருந்த கன்ட்ரோலர்களைப் பத்தி யாராவது பேசினோமா?

விமானம் பத்திரமா இறங்கினா பைலட் ஹீரோ. விழுந்தா பைலட் வில்லன். டவர்ல இருக்கிறவர் ஒண்ணு கண்ணுக்கே தெரியமாட்டார், இல்லைன்னா பலிகடா ஆவார். இந்தப் பழக்கத்தால யாருக்கு லாபம்னு கேட்கத்தான் இந்தப் பதிவு.

"விவசாயம், காவிரி பேசுற பக்கத்துல விமானம் எதுக்கு?"ன்னு சில தோழர்கள் கேட்கலாம். டெல்டாவிலிருந்து நெல்லும் போகுது, ஆளும் போறாங்க. தண்ணி சரியா வராத வருசம், கொள்முதல் நிலையத்துல நெல் நனைஞ்ச வருசம், நம்ம பசங்க பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கிட்டு திருச்சிக்குத்தான் போறாங்க. துபாய், ஷார்ஜா, சிங்கப்பூர், கோலாலம்பூர். அந்த விமானத்துல உட்கார்ந்திருப்பது கோட்டு போட்ட முதலாளி இல்லை, கடன் வாங்கி டிக்கெட் எடுத்த நம்ம வீட்டுப் பையன். அதனால இது நம்ம பிரச்சினைதான்.

முதல்ல விஷயத்தைப் புரிஞ்சுக்குவோம்.

மேலே பறக்கும் பைலட்டுக்குத் தன் விமானத்தின் வேகம், உயரம், எரிபொருள் தெரியும். மேகம் மூடினா எதிரே மலை இருக்கான்னு கண்ணுக்குத் தெரியாது. கீழே இருக்கும் கன்ட்ரோலருக்கு, ரேடார் இருந்தா, எந்த விமானம் எங்கே இருக்குன்னு தெரியும். ஆனா காக்பிட்டுக்குள்ள எந்தக் கருவி பழுது, யாருக்குத் தூக்கம் கண்ணைச் சுத்துதுன்னு தெரியாது. ரெண்டு பேருக்கும் பாதிப் பாதிதான் தெரியும். நடுவுல இருப்பது ரேடியோவில் பேசும் சில வார்த்தைகள் மட்டும்.

நம்ம ஊர்க் கணக்குல சொன்னா, மதகுல நிக்கிற லஸ்கருக்கு எத்தனை அடி தண்ணி விட்டோம்னு தெரியும். பேராவூரணி, சேதுபாவாசத்திரம் கடைமடையில நிக்கிற விவசாயிக்குத் தன் வயல் காய்ஞ்சு கிடக்கிறது தெரியும். அவர் "விட்டாச்சு"ம்பார், இவர் "வரலை"ம்பார். ரெண்டு பேரும் பொய் சொல்லலை. நடுவுல கால்வாய் தூர்வாரலைங்கிறதை ரெண்டு பேரும் பார்க்கலை. கால்வாயைத் தூர்வார வேண்டியவர் யாரோ, அவர் மட்டும் இந்தச் சண்டையில மாட்டிக்க மாட்டார்!

வயல்ல இந்தக் குழப்பம் வந்தா ஒரு போகம் போகும். மலைப் பக்கத்துல வந்தா?

1966 ஜனவரி 24. ஏர் இந்தியாவின் 'கஞ்சன்ஜங்கா' என்ற போயிங் 707 ஜெனீவாவை நெருங்கியது. அணு விஞ்ஞானி ஹோமி பாபா உள்பட 117 பேர். திசை காட்டும் வி.ஓ.ஆர். கருவிகளில் ஒன்று வேலை செய்யவில்லை. பைலட் தன் இடத்தைத் தப்பாகக் கணித்தார். ரேடாரில் பார்த்த கன்ட்ரோலர் அந்தத் தப்பைக் கவனித்தார், திருத்தியும் சொன்னார்: மோன் பிளாங்க் மலைக்கு இன்னும் 5 மைல் இருக்கு என்று. ஆனால் மலை முகட்டைத் தாண்டிவிட்டோம் என்றே பைலட் புரிந்துகொண்டு இறங்கினார். 117 பேரும் போய்விட்டார்கள். போதுமான அளவு துல்லியமான வார்த்தைகள் இல்லாததால் திருத்தம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்று பிரெஞ்சு விசாரணை சொன்னது. கன்ட்ரோலர் தூங்கலை. பைலட் அலட்சியமா இல்லை. ஒரு வாக்கியம் சரியா போய்ச் சேரலை, அவ்வளவுதான்.

1974 டிசம்பர் 1. அமெரிக்காவில் வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்துக்கு வந்த டி.டபிள்யூ.ஏ. 514 விமானம். "தரையிறங்கும் பாதைக்கு அனுமதி" என்று கன்ட்ரோலர் சொன்னார். அனுமதி கொடுத்தாச்சுன்னா கீழே மலை இல்லைன்னு அர்த்தம் என்று விமானிகள் எடுத்துக்கொண்டார்கள். மலை உயரத்தைப் பார்த்துக்கொள்வது பைலட் வேலை என்று கன்ட்ரோலர் நினைத்தார். விமானம் மவுண்ட் வெதர் மலையில் மோதி 92 பேர் பலி. யார் மேல் தப்பு என்பதில் விசாரணை வாரியத்துக்குள்ளேயே கருத்து பிளந்தது. பெரும்பான்மை விமானிகள் பக்கம் கை காட்டியது, சிறுபான்மை கன்ட்ரோலர்கள் பக்கம்.

சரியாக மூன்று நாள் கழித்து, டிசம்பர் 4. நம்ம பக்கத்திலேயே, இலங்கையில். இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரை போனவர்களை ஏற்றிக்கொண்டு மார்ட்டின் ஏர் விமானம் கொழும்பு நோக்கி இறங்கியது. விமானிகள் தாங்கள் இருக்கும் இடத்தைத் தவறாக நினைத்துவிட்டார்கள். பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கி, நம் மலையகத் தமிழர்கள் தேயிலை பறிக்கும் மஸ்கெலியா, நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் சப்த கன்னியர் மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

தமிழ்நாட்டிலும் மலை விட்டுவைக்கலை. 1950 டிசம்பர் 13-ல் பம்பாயிலிருந்து கோவைக்கு வந்த ஏர் இந்தியா விமானம் பாதை விலகி, கோத்தகிரி பக்கம் ரங்கசாமி மலையில் மோதி 21 பேர் பலி. 1971 டிசம்பர் 9-ல் மதுரைக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் சின்னமனூர் பக்கம் மேகமலையில் மோதி 21 பேர் பலி.

"அதெல்லாம் பழைய கதை, இப்போ எல்லாம் கம்ப்யூட்டர்"னு சொல்றவங்களுக்கு அடுத்த ரெண்டு விபத்து. ரெண்டுமே மலையை வெட்டிச் சமப்படுத்திக் கட்டிய 'டேபிள்டாப்' விமான நிலையம். ரெண்டுமே துபாயிலிருந்து உழைக்கும் மக்களை ஏற்றிக்கொண்டு வந்த விமானம்.

2010 மே 22, மங்களூரு. 158 பேர் பலி, 8 பேர் மட்டும் பிழைத்தார்கள். கேப்டன் பயணத்தில் ரொம்ப நேரம் தூங்கியிருந்தார், துணை விமானி மூன்று தடவை "இறங்க வேண்டாம், மேலே போகலாம்" என்ற பொருளில் எச்சரித்தும் கேட்கவில்லை. இது எல்லா பேப்பரிலும் வந்தது. ஆனா அதே விசாரணையில் இன்னொன்றும் இருந்தது. மங்களூரு ரேடார் அன்றைக்கு வேலை செய்யவில்லை. அதனால் வழக்கத்தைவிடத் தாமதமாகத்தான் விமானத்துக்கு இறங்க அனுமதி கிடைத்தது. இருக்க வேண்டியதைவிட அதிக உயரத்தில் ஓடுபாதைக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. கொரோனா நேரத்தில் ஊர் திரும்பியவர்கள். 190 பேரில் 21 பேர் பலி, இரண்டு விமானிகளும் சேர்த்து. தலைப்புச் செய்தி: "பைலட் விதிமுறையைப் பின்பற்றவில்லை". ஆமாம், அறிக்கையின் முதன்மைக் காரணம் அதுதான். மறுக்கலை. ஆனா அறிக்கையை முழுசாப் படிச்சா என்ன வருது?

கொட்டும் மழையில் கேப்டன் பக்கத்து வைப்பர் சரியாக வேலை செய்யவில்லை. வேறொரு விமானம் கிளம்புவதற்கு வசதியாக, கன்ட்ரோலர் அவசரத்தில் ஓடுபாதைத் திசையை மாற்றினார். நனைந்த ஓடுபாதையில், பின்னாலிருந்து காற்று தள்ளும்போது இந்த விமானம் எப்படி இறங்கி நிற்கும் என்பது யோசிக்கப்படவில்லை. இதைவிட முக்கியம்: கோழிக்கோட்டில் அந்த நிறுவனத்துக்கு 26 துணை விமானிகளுக்கு ஒரே ஒரு கேப்டன்தான் போடப்பட்டிருந்தார். மறுநாள் காலை விமானத்தையும் அவர்தான் ஓட்ட வேண்டும். அவர் வேற ஊருக்குத் திருப்பியிருந்தால் மறுநாள் விமானத்துக்கு ஆள் இல்லை. அந்த அழுத்தத்தோடுதான் ஒருத்தர் மழையில், இருட்டில், மலை உச்சியில் இறங்கப் பார்த்தார்.

இதை 'பைலட் தப்பு'ன்னு மூணு சீர்ல முடிச்சிடலாமா தோழர்களே? ஆள் போடாதது யார் தப்பு?

சோசியல் மீடியாவும் இதுல கை சுத்தம் இல்லை. 2018 மார்ச் 12-ல் காத்மாண்டுவில் யூஎஸ்-பங்களா விமானம் விழுந்து 51 பேர் இறந்தார்கள். ஓடுபாதையின் எந்த முனையில் இறங்குவது என்பதில் டவருக்கும் விமானிக்கும் நடந்த குழப்பமான பேச்சு உடனே யூடியூப்பில் வந்துவிட்டது. விமான நிறுவனம் டவரைக் குற்றம் சொன்னது, விமான நிலையம் பைலட்டைக் குற்றம் சொன்னது. நாமளும் ஆளுக்கு ஒரு பக்கம் நின்னு கமெண்ட்ல சண்டை போட்டோம். விசாரணை முடிந்தபோது, கேப்டன் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார், குழுவே தான் இருக்கும் இடம் தெரியாமல் தடுமாறியது என்று தெரிய வந்தது. ஐ.டி. விங்ல வேலை பார்க்கிறவன் என்கிற முறையில சொல்றேன், முதல் அரை மணி நேரத்துல வர்ற ஆடியோவை வச்சு யாரையும் கொலைகாரன் ஆக்காதீங்க.

நம்ம திருச்சிக்கே வருவோம். திருச்சியில் மலை இல்லை, சுவர் இருந்தது. 2018 அக்டோபர் 12 நள்ளிரவு தாண்டிய நேரம். 136 பேரோடு துபாய்க்குக் கிளம்பிய விமானம் ஓடுபாதை முனையில் இருந்த லோக்கலைசர் ஆன்டெனாவையும் சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டு மேலே போனது. கீழே இருந்தவர்கள் பைலட்டிடம் தகவல் சொன்னார்கள். காக்பிட்டில் கருவிகள் எல்லாம் சரியாகக் காட்டுகின்றன என்று பதில் வந்தது. விமானம் அரபிக்கடல் மேல் போய்க்கொண்டே இருந்தது. பிறகு திருப்பப்பட்டு, கிளம்பிச் சுமார் நாலு மணி நேரம் கழித்து மும்பையில் இறங்கியது. அடிவயிறு கிழிந்திருந்தது. எல்லாரும் உயிரோடு இருந்தது பெரிய அதிர்ஷ்டம்.

இங்கேயும் அதே பாதிப் பாதிக் கதைதான். கீழே இருந்தவங்களுக்கு இடிஞ்ச சுவர் தெரியும். மேலே இருந்தவங்களுக்குப் பச்சை விளக்கு தெரியும். என் கருத்து எளிமையானது: ரெண்டு பக்கமும் ஒத்துப்போகாதபோது, அதிக ஆபத்தைச் சொல்ற பக்கம்தான் ஜெயிக்கணும். சந்தேகம் வந்தா திரும்பி வா. "ஏன் திரும்பினே, எரிபொருள் செலவு யார் கொடுப்பா"ன்னு பைலட்டை யாரும் கேட்கக்கூடாது. "ஏன் பயமுறுத்தினே"ன்னு கன்ட்ரோலரையும் கேட்கக்கூடாது.

இதுக்கு வழி இல்லாம இல்லை. டி.டபிள்யூ.ஏ. 514 விழுவதற்கு ஆறு வாரம் முன்னாடி, வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே மலையில், அதே குழப்பத்தில், மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த நிறுவனம் தன் விமானிகளுக்கு மட்டும் சொல்லி வைத்தது. மற்றவர்களுக்குத் தெரியவில்லை, 92 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் அமெரிக்கா விழித்தது. தரை நெருங்கினால் கத்தி எச்சரிக்கும் கருவி கட்டாயமானது. கன்ட்ரோலர் விதிகள் மாறின. 1976-ல் நாசாவை நடுவராக வைத்து ஒரு ஏற்பாடு வந்தது: பைலட்டோ கன்ட்ரோலரோ "இன்னைக்கு நான் தப்பு பண்ணினேன், நல்லவேளை ஒண்ணும் ஆகலை" என்று எழுதி அனுப்பலாம். பெயர் வெளியே வராது. அதிலிருந்து எல்லாரும் கத்துக்கலாம்.

மேலே சொன்ன கோத்தகிரி விபத்தில் இறந்தவர்களில் ஆப்ரகாம் வால்ட் என்ற கணித மேதையும் ஒருவர். இரண்டாம் உலகப் போரில் குண்டடி பட்டுத் திரும்பி வந்த விமானங்களைப் பார்த்து, "திரும்பி வராத விமானங்களில் எங்கே அடிபட்டிருக்கும் என்று யோசியுங்கள்" என்ற வழியைக் காட்டியவர். நாம இன்னைக்குத் தலைகீழா நிக்கிறோம். விழுந்த விமானத்தை மட்டும் பார்க்கிறோம். விழாமல் தப்பிச்சதை யாரும் பார்க்கிறது இல்லை. பார்க்கணும்னா, தப்பிச்சவர் வாயைத் திறக்கணும். வாயைத் திறந்தா வேலை போகும்னு பயந்தா எவர் திறப்பார்?

"அப்போ தப்பு பண்ணினவனைத் தண்டிக்கவே கூடாதா?" நியாயமான கேள்வி. குடிச்சிட்டு ஓட்டினா, தெரிஞ்சே விதியை மீறினா, பதிவை மறைச்சா கண்டிப்பா தண்டனை வேணும். 158 குடும்பத்துக்கு முன்னாடி நின்னு "யாரும் பொறுப்பு இல்லை"ன்னு சொல்ல முடியாது. ஆனா நேர்மையா வேலை பார்த்து, தூக்கம் கெட்டு, பழுதான கருவியோட தப்பு பண்ணினவரைத் தூக்கில் போட்டு ஃபைலை மூடினா, அந்த நாற்காலியில நாளைக்கு உட்காரப்போற அடுத்தவரும் அதே தப்பைத்தான் பண்ணுவார். தண்டனை ஆளுக்கு மட்டும் போய்ச் சேருது, காரணத்துக்குப் போய்ச் சேரலை.

காரணம் எங்கே இருக்கு? கணக்கைப் பாருங்க.

விமானப் பாதுகாப்பைக் கண்காணிக்க வேண்டிய டி.ஜி.சி.ஏ.வில் அனுமதிக்கப்பட்ட 1,063 இடங்களில் 553 பேர்தான் இருந்தார்கள். கிட்டத்தட்ட பாதி நாற்காலி காலி. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு வெளியிட்ட அறிக்கை இது. கன்ட்ரோலர் பற்றாக்குறை, அவர்களின் பணிச் சோர்வு பற்றியும் அதே குழு எச்சரித்தது.

பைலட்டுகளுக்கு வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக உயர்த்தி, இரவு நேரத் தரையிறக்கத்தைக் குறைத்து விதி வந்தது. நல்ல விதி. 2025 டிசம்பரில் என்ன ஆச்சு? தேவையான ஆள் இல்லாமல் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது, மக்கள் ஏர்போர்ட் தரையில் படுத்துக் கிடந்தார்கள். அரசு என்ன செய்தது? அந்த நிறுவனத்துக்கு இரவுப் பணி விதியில் தற்காலிக விலக்கு கொடுத்தது! ஆள் எடுக்காதது முதலாளி, தூக்கத்தை இழப்பது தொழிலாளி. நாளைக்கு அந்தத் தூக்கத்தால் ஒரு விபத்து நடந்தா, தலைப்பு என்னவா இருக்கும்? 'பைலட் தப்பு'.

இன்னொன்று. விதி போடும் டி.ஜி.சி.ஏ., கன்ட்ரோலர்களை வேலைக்கு வைத்திருக்கும் விமான நிலைய ஆணையம், விபத்தை விசாரிக்கும் ஏ.ஏ.ஐ.பி. மூன்றும் ஒரே ஒன்றிய அமைச்சகத்தின் கீழே. பரீட்சை எழுதுறவர், கண்காணிக்கிறவர், பேப்பர் திருத்துறவர் மூணு பேரும் ஒரே வீடு. மார்க் எப்படி வரும்னு சொல்லணுமா?

அதனால் நாம் கேட்பது:

1. கன்ட்ரோலர், டி.ஜி.சி.ஏ. காலிப் பணியிடங்களை உடனே நிரப்பு. வேலை இல்லாம நிக்கிற எங்க இன்ஜினியரிங் பட்டதாரிகள் தயாரா இருக்காங்க, தேர்வு வை.

2. பைலட், கன்ட்ரோலர் இருவரின் ஓய்வு நேர விதியில் எந்த நிறுவனத்துக்கும் விலக்கு கொடுக்காதே.

3. விபத்து விசாரணை அமைப்பை அமைச்சகத்திலிருந்து பிரித்து, நாடாளுமன்றத்துக்கு நேரடியாகப் பதில் சொல்ல வை.

4. மயிரிழையில் தப்பிய சம்பவங்களைச் சொல்பவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடு. பெயர் நீக்கி அந்த அறிக்கைகளை மக்கள் முன் வை, தமிழிலும் வை.

5. டேபிள்டாப், மலைப்பகுதி விமான நிலையங்களில் ரேடார் பழுதானால் விமானப் போக்குவரத்தைக் குறை. ஓடுபாதை முடியும் இடத்தில் விமானத்தை நிறுத்தும் பாதுகாப்புப் பரப்பை ஏற்படுத்து.

6. திருச்சி ஓடுபாதை நீட்டிப்பை இழுத்தடிக்காதே. நிலம் கொடுப்பவர்களுக்கு நியாயமான இழப்பீடு கொடு. பளபளன்னு புது டெர்மினல் திறந்தாச்சு, சந்தோஷம். ஆனா விமானம் இறங்குறது கண்ணாடிக் கட்டடத்து மேல இல்லை.

தோழர்களே, இந்தப் பதிவை வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க, முக்கியமா வளைகுடாவில் இருக்கிற நம்ம ஆட்களுக்கு அனுப்புங்க. அடுத்த தடவை ஒரு விமானம் விழுந்து, டிவியில ரெண்டு பேர் உட்கார்ந்து "பைலட்டா, டவரா"ன்னு கத்தும்போது, நீங்க மூணாவது கேள்வியைக் கேளுங்க: அன்னைக்கு ராத்திரி டூட்டியில எத்தனை பேர் இருந்திருக்கணும், எத்தனை பேர் இருந்தாங்க?

– தகவல் தொழில்நுட்ப அணி, தஞ்சாவூர் மாவட்டம்

#காலிப்பணியிடங்களை_நிரப்பு #ஓய்வு_உரிமை #திருச்சி_விமானநிலையம்